லாப்ருஸ்தும் இரும்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடங்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஆன்ரி லாப்ருஸ்த் என்ற பெயரை இழுத்துவிடுவது என் வழக்கம். இழுத்ததும் கேள்விகள் வரும், பெரும்பாலும் அதே கேள்விகள். கேட்டவர்களின் சொற்களை அதிகம் மாற்றாமல் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், வம்பானவை பின்னால்.

யார் இந்த லாப்ருஸ்த்? பெயரே கேள்விப்பட்டதில்லையே?

1801-இல் பாரிஸில் பிறந்து 1875-இல் மறைந்த பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர். பாரிஸின் இரண்டு நூலகங்கள் அவர் பெயரைச் சொல்ல நிற்கின்றன. ஒன்று, பாந்தியோன் என்ற பெரிய நினைவு மண்டபத்துக்கு எதிரே உள்ள சேந்த் ஜெனவியேவ் நூலகம். மற்றொன்று, ரிஷ்லியூ வீதியில் உள்ள பழைய தேசிய நூலகத்தின் வாசிப்புக் கூடம். இரண்டிலும் இரும்புத் தூண்களையும் இரும்பு வளைவுகளையும் எதையும் போட்டு மூடாமல், வாசகரின் கண்ணெதிரே நிறுத்தினார்.

பெயர் பரவாததற்குக் காரணம் எளிது. அவர் கட்டியவை குறைவு, இருக்கும் சிறந்தவையும் கட்டடத்துக்கு உள்ளே இருக்கின்றன. தெருவில் நடந்து போகிறவர் அண்ணாந்து பார்த்து வியக்க ஒரு கோபுரத்தை அவர் விட்டுச் செல்லவில்லை.

கட்டடத்துக்கு இரும்பை முதன்முதலில் பயன்படுத்தியவர் இவர்தானே?

இல்லை. இங்கிலாந்தில் கோல்புரூக்டேல் அருகே வார்ப்பிரும்புப் பாலம் 1779-இலேயே நின்றுவிட்டது. பாரிஸில் சேன் ஆற்றின் குறுக்கே போன் தே சார் என்ற இரும்பு நடைபாலம் 1804-இல் திறக்கப்பட்டது. அதே நகரின் தானியச் சந்தைக்கு பெலாஞ்சே என்ற கட்டடக் கலைஞர் 1810-களின் தொடக்கத்தில் இரும்புக் குவிமாடம் போட்டார். 1830-களில் பாரிஸ் தாவரவியல் பூங்காவில் இரும்பும் கண்ணாடியும் சேர்ந்த செடி வளர்ப்பகங்கள் எழுந்தன.

இவ்வளவு ஏன், லாப்ருஸ்தின் நூலகத்துக்கு எதிரே நிற்கும் பாந்தியோனே இரும்பைத் தன் கல்லுக்குள் ஒளித்து வைத்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் சுஃப்லோ அதைக் கட்டியபோது, முகமண்டபக் கற்களை இழுத்துப் பிடிக்க உள்ளே இரும்புக் கம்பிகளைக் கோத்தார்கள். பார்ப்பவருக்கு அது கிரேக்கக் கல் மண்டபம். உள்ளே இருந்த கம்பிகள் பின்னாளில் துருப்பிடித்துப் பருத்து, கற்களை வெடிக்கச் செய்தன.

அப்படியானால் இவர் புதிதாக என்னதான் செய்தார்?

மேலே சொன்ன பட்டியலை மறுபடி பாருங்கள். பாலம், சந்தை, செடி வளர்ப்பகம். இரும்புக்கு அன்று கொடுக்கப்பட்ட இடம் அவ்வளவுதான். மதிப்புக்குரிய பொதுக் கட்டடம் என்றால் கல்தான். இரும்பு வேண்டுமானால் கூரைக்கு மேலே இருட்டில் கிடக்கலாம், அல்லது பாந்தியோனில் போலக் கல்லுக்குள் புதைந்திருக்கலாம்.

லாப்ருஸ்த் இந்தத் தீண்டாமையை உடைத்தார். அரசுப் பணத்தில் கட்டிய சேந்த் ஜெனவியேவ் நூலகத்தின் முதன்மைக் கூடத்தில், நடுவில் வரிசையாக 16 மெல்லிய வார்ப்பிரும்புத் தூண்களை நிறுத்தினார். அவற்றின் மேல் கொடிப் பின்னலைப் போலத் துளையிட்ட இரும்பு வளைவுகள். கூடம் நீளவாக்கில் இரண்டாகப் பிரிந்து, இரண்டு பீப்பாய் வடிவ வளைகூரைகளாகச் செல்கிறது. 1844-இல் அடிக்கல், 1850 இறுதியில் வேலை முடிவு, 1851 பிப்ரவரியில் திறப்பு. லண்டனில் பாக்ஸ்டனின் பளிங்கு மாளிகை திறக்கப்பட்டது அதே 1851 மே மாதத்தில்தான். ஆனால் அது கண்காட்சிக்காக எழுப்பிக் கழற்றப்பட்ட கூடாரம். இது நிலைத்து நிற்கக் கட்டியது.

நூலகத்துக்கு எதற்கு இரும்பு? கல்லும் மரமும் போதாதா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். லாப்ருஸ்த் இரும்பின் மீது காதல் கொண்டு அதைத் தேடிப் போகவில்லை என்பது என் எண்ணம். வாசிப்புக் கூடம் என்ற தேவைதான் அவரை இரும்பிடம் கொண்டுபோய் விட்டது.

சேந்த் ஜெனவியேவ் நூலகம் அதற்கு முன் முன்னாள் மடாலயம் ஒன்றின் மேல்மாடியில் இருந்தது. அதே வளாகத்தில் நான்காம் ஆன்ரி மன்னர் பெயரிலான கல்லூரி இயங்கியது, கட்டடமும் தளர்ந்து போயிருந்தது. அக்கம்பக்கம் முழுவதும் மாணவர்கள். பகலில் வகுப்பு, மாலையில் படிக்க இடமில்லை. எனவே 1838-இல் எரிவாயு விளக்கு போட்டு இரவு பத்து மணிவரை நூலகத்தைத் திறந்து வைத்தார்கள். பிரான்சில் அது புதுமை. அதே ஆண்டுதான் லாப்ருஸ்த் அங்கே கட்டடக் கலைஞராக நியமிக்கப்பட்டார். ஆக, புதிய கட்டடத்தின் முன்னிருந்த கோரிக்கைகள் மூன்று: நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே கூடத்தில் உட்கார வேண்டும், பகலில் வெளிச்சம் தாராளமாக வர வேண்டும், இரவில் விளக்கு எரிந்தாலும் கூரை பற்றிக்கொள்ளக் கூடாது.

கட்டடம் ஏறத்தாழ 85 மீட்டர் நீளம், 21 மீட்டர் அகலம். இவ்வளவு பெரிய கூடத்தின் மேல் கல் வளைகூரை போட்டால் அதன் பாரம் தாங்கப் பருத்த தூண்கள் வேண்டும், சுவரும் தடிக்க வேண்டும். தடித்த சுவரில் பெரிய சன்னல் வைக்க முடியாது. மரக்கூரை என்றால் எரிவாயு விளக்குக்கு அடியில் லட்சக்கணக்கான தாள்களை வைத்துக்கொண்டு தினமும் நடுங்க வேண்டும். இரும்புத் தூண் மெல்லியது, பார்வையை மறைக்காது, இடத்தை அடைக்காது. இரும்பு வளைவுகளுக்கு இடையே கம்பி வலை கட்டிச் சாந்து பூசிய வளைகூரையோ கல் வளைகூரையை நோக்க மிகவும் இலேசானது. சுவரின் சுமை குறைந்ததால் நாற்புறமும் உயரமான வளைவுச் சன்னல்கள் திறக்க முடிந்தது.

வெளியிலிருந்து பார்த்தால் வெறும் கல் கட்டடமாகத்தானே தெரிகிறது? இரும்பை மறைக்கவில்லை என்று நீங்கள் சொல்வது எப்படிச் சரியாகும்?

நியாயமான குறுக்குக் கேள்வி. வெளிச்சுவர் கல்தான், அது பொய்யான கல் அல்ல. வளைவுகள் வெளிப்பக்கம் தள்ளும் விசையை அந்தக் கல் சுவரும், சன்னல்களுக்கு இடையே உள்ள முட்டுத்தூண்களும் உண்மையிலேயே ஏற்று நிற்கின்றன. கல் தாங்கும் இடத்தில் கல், இரும்பு தாங்கும் இடத்தில் இரும்பு. எதிரே பாந்தியோன் நிற்கும் சதுக்கத்தில் கல் முகப்பு வேண்டும் என்ற எண்ணமும் இருந்திருக்கலாம், அதைக் குறை என்று நான் சொல்ல மாட்டேன்.

கூர்ந்து பார்ப்பவருக்கு வெளியிலும் ஒரு தடயம் உண்டு. கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் நடுவே, கல்லில் செதுக்கிய மலர்மாலைகள் தொங்குகின்றன. அவை தொங்கும் இடங்களில் வட்டமான இரும்புத் தகடுகள் இருக்கின்றன. அலங்காரம் போலத் தெரியும் அந்த வட்டங்கள், உள்ளே குறுக்காக ஓடும் இரும்புச் சட்டங்களைச் சுவரோடு பிணைக்கும் கம்பிகளின் முனைகள்.

முகப்பில் ஏதோ பெயர்களாகச் செதுக்கி வைத்திருக்கிறார்களே, அது நன்கொடையாளர் பட்டியலா?

நம் ஊர்ப் பழக்கத்தில் கேட்கிறீர்கள். அவை எழுத்தாளர்கள், அறிஞர்களின் பெயர்கள், மொத்தம் 810. மோசேயில் தொடங்கிக் காலவரிசைப்படி சென்று, 1848-இல் இறந்த சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியசில் முடிகின்றன. பெயர் செதுக்கிய கற்பலகைகளுக்கு நேர் பின்னால், உள்ளே, புத்தக அடுக்குகள் இருக்கின்றன. கட்டடத்துக்கு இருந்த ஒரே பெரிய வெளி அலங்காரத்தையும் ஒரு நூற்பட்டியலாக மாற்றிவிட்டார் மனிதர்.

வார்ப்பிரும்பு, தேனிரும்பு, எஃகு: எல்லாம் இரும்புதானே? ஏன் பிரித்துப் பிரித்துச் சொல்கிறீர்கள்?

எல்லாம் இரும்புதான், குணம் வேறு. வார்ப்பிரும்பில் கரி (கார்பன்) அதிகம். உருக்கி அச்சில் ஊற்றலாம், வேண்டிய பூவேலைப்பாட்டைச் சேர்த்தே வார்க்கலாம். மேலிருந்து அழுத்தும் பாரத்தை அருமையாகத் தாங்கும். இழுத்தாலோ வளைத்தாலோ முன்னறிவிப்பு இல்லாமல் உடையும். எனவே தூணுக்கு உகந்தது. தேனிரும்பில் கரி மிகக் குறைவு. அடித்து நீட்டலாம், இழுவையைத் தாங்கும், தகடுகளாக்கித் தறையாணி (ரிவெட்) அடித்துப் பிணைக்கலாம். எஃகு இரண்டுக்கும் நடுவே கரியின் அளவைக் கட்டுக்குள் வைத்துச் செய்வது. 1850-களில் எஃகை மொத்தமாக உருக்கிச் செய்யும் பெசமர் முறை வந்த பிறகுதான் அது மலிவாகத் தொடங்கியது.

லாப்ருஸ்தின் முதல் நூலகத்தில் தூண்களோடு வளைவுகளும் வார்ப்பிரும்பு. இரண்டாவதில் தூண்கள் மட்டும் வார்ப்பிரும்பு, வளைவுகள் தறையாணி அடித்த தேனிரும்புப் பின்னல். இடைப்பட்ட ஆண்டுகளில் பொருளைப் பற்றிய அறிவு எவ்வளவு நகர்ந்தது என்பதை இந்த ஒரு மாற்றத்திலேயே பார்க்கலாம்.

இரும்பு எரியாது, அதனால் தீ பயம் இல்லை. சரிதானே?

பாதி சரி. அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். இரும்பு எரிந்து தீயைப் பரப்பாது, மரக்கூரையோடு ஒப்பிட்டால் அது பெரிய நன்மை. ஆனால் கடும் சூட்டில் இரும்பு வலுவிழக்கும். சூடேறிய வார்ப்பிரும்பின் மேல் தீயணைப்புத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். உள்ளே புத்தகங்களே எரியத் தொடங்கினால் தூண் காப்பாற்றாது.

லாப்ருஸ்த் இரும்பை மட்டும் நம்பி உட்காரவில்லை என்பது இரண்டாவது நூலகத்தில் தெரிகிறது. தேசிய நூலகத்தில் எரிவாயு விளக்கையே அனுமதிக்கவில்லை. பொழுது சாய்ந்தால் வாசகர்கள் எழுந்து போக வேண்டியதுதான். முதல் நூலகம் இரவு வாசகருக்காகவே கட்டப்பட்டது என்பதை நினைத்தால் இது பின்னடைவாகத் தோன்றும். ஆனால் தேசியச் சேகரிப்பு எரிந்தால் திரும்பக் கிடைக்காது.

அந்தத் தேசிய நூலகக் கூடத்தைப் பற்றிச் சொல்லுங்கள். படத்தில் பார்த்தால் ஏதோ கூடாரம் மாதிரி இருக்கிறது.

கூடாரம் என்ற எண்ணம் பலருக்கும் வருகிறது. முன்னவரான விஸ்கோந்தி இறந்தபின் 1854-இல் லாப்ருஸ்த் அங்கே பொறுப்பேற்றார், சாகும்வரை அங்கே வேலை செய்தார். கூடம் 1868-இல் திறக்கப்பட்டது. சதுரத் தரை, வரிசைக்கு மூன்றாக ஒன்பது குவிமாடங்கள், 16 தூண்கள். ஒவ்வொரு தூணும் ஏறத்தாழ 10 மீட்டர் உயரம், குறுக்களவு 30 சென்டிமீட்டர் மட்டுமே. நான்கு தூண்கள் கூடத்தின் நடுவே தனியாக நிற்கின்றன, மற்ற பன்னிரண்டும் ஓரத்தில். ஓரத்துத் தூண்களும் சுவருக்குள் புதையாமல் சற்று விலகி நிற்பதைக் கவனியுங்கள். கூரையைத் தாங்குவது இரும்பு, சுவர் வெறும் அடைப்பு. பிற்காலத்து உயர்மாடிக் கட்டடங்களின் அடிப்படைக் கருத்து இது.

குவிமாடங்களின் உட்புறம் வெள்ளைப் பளபளப்பு பூசிய மெல்லிய சுடுமண் பலகைகள். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு வட்டக் கண்ணாடித் திறப்பு. மேலிருந்து விழும் ஒளி வெள்ளைப் பரப்பில் பட்டுச் சிதறி மேசைகளில் நிழலில்லாமல் இறங்கும். சுவரின் மேற்பகுதி வளைவுகளில் மர உச்சிகளையும் வானத்தையும் அலெக்சாந்தர் தெகோஃப் தீட்டியிருக்கிறார். குளிருக்கு மேசைகளின் அடியில் வெந்நீர்க் குழாய்கள், வாசகர் கால்களை அதன்மேல் வைத்துக்கொள்ளலாம். இந்தக் கடைசிச் செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும்.

நிபுணர்கள் வாசிப்புக் கூடத்தைவிடப் புத்தகக் கிடங்கைத்தான் பெரிதாகச் சொல்கிறார்களாமே?

ஆம், இருபதாம் நூற்றாண்டின் நவீனக் கட்டடக்கலை வரலாற்றாசிரியர்கள் அதைத்தான் கொண்டாடினார்கள். வாசகர் நுழையாத இடம் என்பதால் அங்கே அலங்காரத்துக்கு வேலையில்லை. நிலவறை உட்பட ஐந்து தளங்கள், எல்லாம் இரும்பு. தளத்தின் தரை கெட்டியான பலகை இல்லை, இரும்புக் கிராதி. மேலே கண்ணாடிக் கூரை. கூரையில் விழும் வெயில் கிராதிகளின் இடைவெளி வழியே அடித்தளம்வரை வடிகிறது. விளக்கில்லாமல் ஏறத்தாழ 9 லட்சம் நூல்களுக்கு நடுவே ஊழியர் வேலை செய்ய வேறு வழி இல்லை. ஒவ்வொரு தளத்தின் உயரமும் ஏணி போடாமல் மேல் அடுக்கை எட்டும் அளவுக்கே வைக்கப்பட்டது.

கூடத்துக்கும் கிடங்குக்கும் நடுவே ஒரு பெரிய கண்ணாடித் தடுப்பு. படித்துக்கொண்டிருப்பவர் நிமிர்ந்தால் புத்தகம் வரும் இடம் தெரியும். கொண்டாடியவர்களோடு எனக்கு ஒரு சிறு பிணக்கு உண்டு. கிடங்கு மட்டுமே எதிர்காலம், கூடம் பழைமையின் மிச்சம் என்பது போல அவர்களில் சிலர் எழுதினார்கள். அதைக் கடைசிக் கேள்வியில் பார்க்கலாம்.

இவ்வளவு திறமையானவர் ஏன் இத்தனை குறைவாகக் கட்டினார்?

மேலிடத்துப் பகை. 1824-இல் எகோல் தே போசார் என்ற பாரிஸ் கவின்கலைப் பள்ளி மாணவர்களுக்கான ரோம் பெரும்பரிசை வென்றார். அதன்படி ரோமில் மெதிசி மாளிகையில் தங்கிப் படித்தார். பரிசு பெற்றவர்கள் பழைய கட்டடம் ஒன்றை ஆராய்ந்து வரைபடங்கள் அனுப்ப வேண்டும். ரோமின் புகழ்பெற்ற சின்னங்களில் ஒன்றை எடுத்து அழகாக வரைந்து அனுப்பியிருந்தால் வம்பில்லை. இவர் தென் இத்தாலியில் பேஸ்தம் என்ற இடத்திலுள்ள மூன்று கிரேக்கக் கோயில்களை எடுத்தார். இலக்கணச் சுத்தமான கோயில்தான் முதலில் கட்டப்பட்டது, குடியேறியவர்கள் உள்ளூர்க் கல்லுக்கும் உள்ளூர்த் தேவைக்கும் ஏற்ப வடிவத்தை மாற்றிக்கொண்டதால் மற்றவை பின்னால் வந்தன என்றார். ஒன்று கோயிலே இல்லை, மக்கள் கூடும் மண்டபம் என்றார். சுவர்களில் வண்ணம் தீட்டிக் காட்டினார்.

பிரெஞ்சுக் கலைக்கழகத்தின் நிரந்தரச் செயலாளர் கத்ருமேர் த கேன்சிக்குக் கோபம் வந்தது. செவ்வியல் வடிவம் காலத்தையும் இடத்தையும் கடந்தது என்று கற்பித்துக்கொண்டிருந்தவர் அவர். மெதிசி மாளிகை இயக்குநரான ஓவியர் ஓராஸ் வெர்னே இளைஞரின் பக்கம் நின்றும் பயனில்லை. திரும்பி வந்தவருக்கு மற்றவர்களின் கட்டடங்களில் மேற்பார்வை வேலைகள்தான் கிடைத்தன. சொந்தமாகப் பெரிய பணி கைக்கு வரும்போது வயது 37. 1830 முதல் 1856 வரை நடத்திய பயிற்சிப் பட்டறையின் மாணவர்களுக்கும் ரோம் பரிசு எட்டாக்கனியாகவே இருந்தது. 1867-இல் அதே கலைக்கழகம் அவரை உறுப்பினராக்கியது.

இன்றைய தொல்லியல் பேஸ்தம் வரிசையைத் தலைகீழாக மாற்றிவிட்டது. அவர் மண்டபம் என்றதுதான் மூன்றிலும் பழைய கோயில். காலத்தைக் கணித்ததில் அவர் சறுக்கினார். ஆனால் பொருளும் பயனும் மாறினால் வடிவமும் மாறும் என்று அங்கே கற்றதைத்தான் பிறகு இரும்பில் செய்து காட்டினார்.

ஈபிள் கோபுரத்துக்கு இவர்தான் வழிகாட்டி என்று ஒருவர் சொன்னார். சரியா?

நேரடியாக இல்லை. 1889-இன் கோபுரம் பாலம் கட்டும் பொறியாளர்களின் மரபில் வந்தது. கணக்கும் தறையாணியும் அவர்களுடையவை. ஒரு சிறு திருத்தம்: அந்தக் கோபுரம் எஃகு என்று பலர் எழுதுகிறார்கள், அது மேலே சொன்ன தேனிரும்பு வகை.

லாப்ருஸ்தின் உண்மையான வாரிசுகளை வேறிடத்தில் தேட வேண்டும். அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், 1895-இல் திறந்த பாஸ்டன் பொது நூலகத்தின் முகப்பைப் பாருங்கள். சேந்த் ஜெனவியேவின் வளைவுச் சன்னல் வரிசையும் பெயர்ப் பலகைகளும் அங்கே அப்படியே இருக்கின்றன.

கான்கிரீட்டுக்கும் இவருக்கும் தொடர்பு உண்டா?

அவர் கான்கிரீட்டில் கட்டவில்லை. கம்பி வலை மேல் சாந்து பூசிய வளைகூரையை வலுவூட்டிய கான்கிரீட்டின் மூதாதை என்று சொல்ல ஆசையாக இருக்கும். எனக்கு அது மிகையாகப் படுகிறது. கான்கிரீட்டில் கம்பியும் கலவையும் பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும். இங்கே சாந்து வெறும் நிரப்பு, பாரம் முழுவதும் இரும்பு வளைவுகளில்.

மாணவர் வழியாகத் தொடர்பு உண்டு. 1856-இல் லாப்ருஸ்த் பட்டறையை மூடியபோது அனத்தோல் த போதோ உள்ளிட்ட சில மாணவர்கள் வியோலே லெ தியூக் என்ற கட்டடக் கலைஞரிடம் போனார்கள். அந்தப் போதோதான் பின்னாளில் மோன்மார்த்ர் மேட்டில் சேன் ழான் தேவாலயத்தைக் கம்பி கோத்த செங்கல்லும் சிமெண்டும் கொண்டு கட்டினார். 1894-இல் தொடங்கிய வேலை, இது நிற்குமா என்ற அதிகாரிகளின் சந்தேகத்தால் இடையில் நின்று, 1904-இல்தான் முடிந்தது. நின்றுகொண்டுதான் இருக்கிறது.

இன்று போய்ப் பார்க்க முடியுமா?

இரண்டும் இன்னும் நூலகங்களாகவே இயங்குகின்றன. சேந்த் ஜெனவியேவ் பல்கலைக்கழக மாணவர்களால் நிரம்பி வழிகிறது, பதிவு செய்துகொண்ட வாசகருக்கே கூடம். தேசிய நூலகத்தின் அச்சு நூல்கள் 1990-களில் சேன் ஆற்றங்கரைப் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டன. ரிஷ்லியூ வளாகம் நீண்ட புதுப்பிப்புக்குப் பிறகு 2022-இல் முழுமையாகத் திறந்தது. லாப்ருஸ்த் கூடத்தில் இப்போது தேசியக் கலை வரலாற்று நிறுவனத்தின் நூலகம் இருக்கிறது. ஒன்று எச்சரிக்கிறேன். அதே வளாகத்தில் நீள்வட்டக் கூடம் ஒன்று எல்லாருக்கும் திறந்திருக்கிறது, மிக அழகானது. பலர் அதைப் படமெடுத்து லாப்ருஸ்தின் கூடம் என்று போடுகிறார்கள். அது அவருக்குப் பின் வந்த கட்டடக் கலைஞர் பாஸ்கல் தொடங்கியது, 1936-இல் திறக்கப்பட்டது.

நவீனம் என்கிறீர்கள். ஆனால் இரும்புத் தூணின் தலையில் கிரேக்கப் பூவேலை இருக்கிறதே? பொருள் புதிது, வேடம் பழையது. இது பாதி நவீனம்தானே?

கிடங்கு பற்றிய பதிலில் ஒத்திவைத்தது இதைத்தான். தூண் தலையில் பழைய அலங்காரம் இருப்பது உண்மை. ஆனால் தூணின் அளவைப் பாருங்கள். 30 சென்டிமீட்டர் குறுக்களவுக்கு 10 மீட்டர் உயரம் என்பது முப்பது மடங்குக்கு மேல். கல் தூணுக்குச் செவ்வியல் இலக்கணம் அனுமதித்தது சுமார் பத்து மடங்கு. பேஸ்தத்தின் தடித்த தூண்களை அளந்து வரைந்தவர் இதை அறியாமல் செய்திருக்க மாட்டார். பூவேலையை வைத்துக்கொண்டு விகிதத்தை முழுவதுமாக இரும்பிடம் ஒப்படைத்துவிட்டார்.

இன்னொன்று, அலங்காரத்தை அவர் ஒட்டவைக்கவில்லை. வார்ப்பிரும்பை அச்சில் ஊற்றும்போதே பூவும் சேர்ந்து வரும். வளைவுகளில் உள்ள துளைவேலைகூட எடையைக் குறைக்கும் வெட்டுகளைக் கொடியாக வளைத்ததுதான். கிடங்கில் யாரும் உட்கார்ந்து நாள் முழுவதும் படிக்கவில்லை, அதனால் மொட்டை இரும்பு அங்கே போதும். கூடத்தில் மனிதர்கள் மணிக்கணக்காக உட்காருகிறார்கள், களைத்துப்போய் நிமிரும் கண்ணுக்கு ஏதாவது வேண்டும். முதல் நூலகத்தின் நுழைவு மண்டபச் சுவர்களில் மரங்களைத் தீட்டவைத்ததற்கும் அவர் சொன்ன காரணம் இதே போக்குதான்: வாசலில் ஒரு தோட்டம் வேண்டும் என்று விரும்பினார், மனையில் இடமில்லை, எனவே எல்லா நாட்டு மரங்களும் எப்போதும் பூத்திருக்கும் தோட்டத்தைச் சுவரில் வைத்துக்கொண்டார். இதைப் பாதி நவீனம் என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அந்த மேசைகளில் ஒன்றில் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து படித்துவிட்டு வந்து பேசச் சொல்வேன்.